மூன்றாவது நீதிபதி சொன்ன பிறகு

அக்கா,

இன்று காலை பக்கத்துத் தெருவில் மாப்பிள்ளை அழைப்புக்குச் சரவெடி கொளுத்தினார்கள். புகை ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை வந்தாலே உங்கள் வீட்டு வாசல்தான் ஞாபகம் வருகிறது.

நம் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது நாம் இருவரும் எதிரெதிராக நின்றோம். நீங்கள் உங்கள் விருப்பத்தில் நின்றீர்கள். என்னை நிறுத்தியது என் கணவர். முதல் எண்ணிக்கையில் ஜெயித்தது நீங்கள். மறு எண்ணிக்கையில், முத்திரை கோட்டின் மேல் விழுந்திருக்கிறது என்று உங்கள் ஓட்டுகள் சிலவற்றைத் தள்ளிவிட்டார்கள். நான் ஜெயித்தவளானேன்.

வழக்கு மதுரைக்குப் போனது. அது முடியும்வரை யாரும் பதவியேற்கத் தடை. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஓட்டுப் போட்டவரின் மனது தெளிவாகத் தெரிகிறது, அவை செல்லும் என்றார் ஒருவர். விதியை மீற முடியாது என்றார் மற்றவர். மூன்றாவதாக ஒரு நீதிபதி விசாரித்து, விதியின் பக்கம் சேர்ந்தார். பதவி எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து பெரிய மாலை வந்தது. என்னைத் திறந்த ஜீப்பில் ஏற்றினார்கள். வேறு எங்கும் நிற்காத ஜீப் உங்கள் வாசலில் நின்றது. அங்கேதான் சரவெடி கொளுத்தினார்கள். நீங்கள் வெளியே வந்தீர்கள். புகைக்குள் என்னைத் தேடிப் பார்த்துக் கும்பிட்டீர்கள். பதிலுக்குக் கும்பிடலாமா என்று நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது.

மறுவாரம் அலுவலகத்துக்கு முதல் ஆளாகக் குறை சொல்ல வந்ததும் நீங்கள்தான். தலைவர் நாற்காலியில் என் கணவர் இருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் நான்.

“கீழத்தெருவுல தண்ணி வரல்ல, கேட்டியா. மோட்டாரு கெட்டுக் கெடக்கு,” என்றீர்கள் என்னிடம்.

“பாப்போம். ஆள விடுகேன்,” என்றார் அவர்.

நீங்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “நான் தலைவருகிட்டயாக்கும் பேசுகேன்.”

“அவரு சொல்லுவாரு அக்கா,” என்றேன்.

“ஏட்டி, மூணு ஜட்ஜிமாரு இருந்து தர்க்கம் பண்ணுனது ஒனக்க பேருக்காக்கும். அவருக்க பேருக்கு இல்ல.”

அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் அக்கா.

அதன்பின் ஒவ்வொரு கிராமசபைக் கூட்டத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள். கேள்வியை என்னிடமே கேட்டீர்கள். மைக்கைப் பிடித்துப் பதில் சொன்னது அவர். பிறகு உங்கள் இடம் காலியாக இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்றார்கள்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நான் தனியாக வந்தேன். பாதியாக இளைத்திருந்தீர்கள். உங்கள் மகள் கட்டிலருகே நின்றாள்.

“கூட்டத்துல இப்பம் யாரு பேசுகா?” என்று கேட்டீர்கள்.

“நாந்தாம் அக்கா.”

“கொள்ளாம் மக்கா,” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். உங்கள் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உங்கள் அடக்கத்தன்று தேவாலய வாசலில் கூட்டம். “தலைவருக்கு வழி விடுங்க,” என்று யாரோ சத்தம் போட்டார்கள். எல்லோரும் விலகி என் கணவருக்கு வழி விட்டார்கள். நான் அவர் பின்னால் போனேன்.

அடுத்த கூட்டத்தில் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

“நீ என்னத்தப் பேசப் போற?”

“கீழத்தெரு மோட்டாரப் பத்தி.”

குரல் நடுங்கியது. பாதிப்பேருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் அந்த மாதமே மோட்டாரை மாற்றினோம். கூட்டம் முடிந்ததும் உங்கள் மகளிடம் போனேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்யை அம்மாவிடம் திருத்திச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி சொல்ல நினைத்தேன்.

“அம்மைக்குத் தெரியும் சித்தி,” என்றாள். “அம்மை படுத்த பொறவு, ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் நான் போய் எல்லாம் சொல்லுவேன்லா.”

இப்போதெல்லாம் நான்தான் பேசுகிறேன். குரல் நடுங்குவதில்லை. அவர் வீட்டில் இருந்துகொள்கிறார். நல்ல தலைவர் என்றுகூட ஊரில் சொல்கிறார்கள். ஆனால், தெரிந்தேதான் அன்று என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள் என்பது நினைவுக்கு வரும்போது, தனியாக இருந்தாலும் தலை குனிந்துவிடுகிறது.