டீகா இல்லாமல் போனவன்

அசோஜ் 21
சளியில் இப்போது கிருமி இல்லையாம். ஆனாலும் இன்னும் ஒரு வருஷம் இந்தக் காசநோய் விடுதியில் இருந்து மாத்திரை விழுங்க வேண்டும். மாத்திரையால் முகமெல்லாம் கறுத்து, கண்ணாடியில் யாரோ மாதிரி தெரிகிறேன். போகட்டும்.

என் கவலை டேகேந்திரா. ஒரே தம்பி, பம்பாயில் வாட்ச்மேன். போன வருஷம் காசநோயோடு ஊருக்கு வந்தான். நான்தான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். உடம்பு தேறியதும் மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அரை மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமிதான் எனக்கு வந்திருக்கிறது, அதனால்தான் சாதாரண மருந்து கேட்கவில்லை என்கிறார் டாக்டர். அவனுக்குள்ளும் அது இருக்குமே!

அசோஜ் 25
போன் செய்தேன். "எனக்கு ஒண்ணுமில்லக்கா, பீடி இருமல்" என்றான். பரிசோதனை என்றதும் வைத்துவிட்டான். தெரிந்தால் வேலையும் போகும், தங்குகிற அறையும் போகும் என்று பயம்.

கார்த்திக் 11
திஹார் பண்டிகை வருகிறது. அன்று அக்கா கையால் நெற்றியில் டீகாப் பொட்டு வாங்கினால் எமன் அண்ட மாட்டான் என்று சின்ன வயதிலிருந்து நம்புகிறவன். எங்கிருந்தாலும் வருவான். வரட்டும். முதலில் பரிசோதனைக்குச் சளி, அப்புறம்தான் டீகா.

இது பாவமா?

கார்த்திக் 29
வந்தான். விடுதி முற்றத்தில் பாய் விரித்து உட்காரவைத்தேன்.

"என்னக்கா, கரிச்சட்டி மாதிரி ஆயிட்ட! ராத்திரியில வந்தா திருடின்னு நானே விசில் ஊதிருவேன்."

சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. எமன் தாண்டி வராதபடி அவனைச் சுற்றி எண்ணெய் விட்டேன். டீகாவுக்கு ஏழு நிறப் பொடியும் தட்டில் தயார். அப்போது சளி டப்பாவை நீட்டினேன். "முதல்ல இதுல துப்புடா."

முகம் செத்துப்போனது. "டீகாவுக்குப் பேரம் பேசுறியா?"

"உன் உசுருக்குடா பேசுறேன்!"

"எமன் வந்தா நான் பாத்துக்கறேன். உன் டப்பாவ நீயே வச்சுக்க."

வெறும் நெற்றியோடு எழுந்து போனான். கத்திக் கத்திக் கூப்பிட்டேனே, திரும்பிக்கூடப் பாக்கலியே பாவி.

மங்சிர் 9
போனை எடுக்கவில்லை.

பாகுன் 2
இன்றும் எடுக்கவில்லை. ஊரில் இருக்கும் அவன் மனைவி பபித்ராவிடம் மட்டும் பேசுகிறானாம். வச்சுத் தொலைச்சிருக்கலாம் அந்த டீகாவ. வச்சுட்டு, காலப் புடிச்சுக் கெஞ்சியிருக்கலாம்.

சாவன் 14
டேகேந்திரா போய்விட்டான். பம்பாயிலேயே. என் தம்பி.

சாவன் 30
அவனோடு அறையில் இருந்தவர் பெட்டியைக் கொண்டுவந்தார். இங்கிருந்து போன மறுமாதமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுத்தானாம். ஒரு வேளை மாத்திரைகூட விடவில்லையாம்.

"'அக்காகிட்ட மூச்சு விடாதீங்க, அடுத்த திஹாருக்குப் போயி அவ டப்பா நிறையத் துப்பறேன், அப்ப அவ மூஞ்சியப் பாக்கணும்'னு சொல்லிச் சிரிப்பான்மா" என்றார்.

ஆனால் அதற்குள் நுரையீரலில் மிச்சம் ஒன்றும் இல்லையாம். முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதாடா?

கார்த்திக் 18
இன்று டீகா நாள். துக்க வீடு, எங்களுக்குப் பண்டிகை இல்லை.

நேற்றோடு என் மருந்து முடிந்தது. குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். நான் போகவில்லை. பபித்ராவின் சளியிலும் அதே கிருமி. முந்தாநாள் அவளை இங்கே சேர்த்தோம்.

காலையில் முதல் வேளை மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் கொட்டினேன். கை கொள்ளவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனையும் அவரு தன்னந்தனியாவா முழுங்கினாரு, அண்ணி?"

ஆமாம் என்றேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.