பாவட்டைக்கு நான் எழுதிய பெயர்

அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டையின் நெடி மூக்கில் அடித்தது. மேல்தட்டில், மன்னார்க் கரையோரப் பற்றைக்காட்டில் நீ பறித்து, அழுத்திக் காயவைத்த கொப்பு தாளில் தைத்தபடி இருந்தது. வெள்ளைப் பூ பழுப்பாகிவிட்டது. கீழே பெயர்ச்சீட்டில் என் கையெழுத்தில் ‘வெட்சி’.

பேராதனைப் பூங்காவின் உலர்தாவரக் கூடத்துக்கு அதைக் கொண்டுவந்த அன்று என் மேசையில் வைத்து, “மச்சான், இது பாவட்டை. எங்கட வீட்டு வேலியிலயே நிக்குது” என்றாய்.

“வேலியில நிக்கிறதெல்லாம் சாட்சி இல்லடா. நாலு இதழ், வெள்ளை, கொத்து. வெட்சிதான்.”

“இலையை ஒருக்கா ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாரன்.”

“இன்னும் நாப்பது தாள் கிடக்கு. நீ பறிக்கிற ஆள், பறி. பேர் வைக்கிறது என் வேலை.”

“ஓமோம், புசல்லாவைச் சாமிதான் பேர் வைக்கோணும்” என்று என் ஊரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாய்.

உன் களப்பட்டியலில் அதே செடி பதினொரு இடத்தில் பாவட்டை என்று இருந்தது. என் பெயரோடு ஒத்துவரவில்லை என்று பொறுப்பதிகாரி பதினொன்றையும் சிவப்பால் சுழித்தார். அந்தப் பிழைகளைக் காட்டி உன்னை வேலையில் நிரந்தரமாக்கவில்லை. கண்டி பஸ் நிலையத்தில் பெட்டியோடு நின்றபோதும், “அடுத்த தடவை இலையைப் பாரடா” என்றுதான் சொன்னாய். கோபம்கூட இல்லை.

பார்த்தேன். நீ போன மூன்றாம் நாளே. இலைக்குள் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். வெட்சியில் அது கிடையாது. தாளைத் திரும்ப வைத்துப் பூட்டினேன். பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

செத்தவீட்டில் உன் அம்மா கேட்டார்: “தம்பி, என்ர பிள்ளை வேலையில பிழை விட்டவனோ?” எவருக்கும் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகிய வாய் எனக்கு. “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா” என்றேன்.

இன்று புதுச் சீட்டு ஒட்டினேன்: பாவட்டை. இனங்கண்டவர் என்ற இடத்தில் உன் பெயர். பழைய சீட்டைக் கிழிக்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. என் பிழை என் கையெழுத்தோடு பக்கத்திலேயே கிடக்கும். பொறுப்பதிகாரியிடமும் சொன்னேன். “இப்ப சொல்லி என்ன?” என்றார்.

பிறகு உன் அம்மாவுக்கு அழைத்தேன். “சாப்பிட்டியோ தம்பி?” என்றார். “சாப்பிட்டேன்மா.” கண்டியில் மழையோ என்றார். மழைதான் என்றேன். வைத்துவிட்டேன்.

செத்தவீட்டில் அவர் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை, மச்சான்.