வரிசையில் சேராத பாட்டுப்பெட்டி

அக்கா,

இன்று காலை என் பெரியவன் பாசார் கடைத்தெருவிலிருந்து ஓர் இசைத்தட்டு வாங்கி வந்தான். "எந்தப் பெட்டிக்கான தட்டுடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். "எல்லாம் ஒண்ணுதாம்மா. எந்தப் பெட்டியில போட்டாலும் பாடும்." நீங்கள் இருந்திருந்தால் நான் கேட்டதற்குச் சிரித்திருக்க மாட்டீர்கள்.

கல்யாணமாகிக் கடல் கடந்து நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வந்தபோது, அப்பா கொடுத்தனுப்பிய பாட்டுப்பெட்டி கப்பலிலிருந்து இறக்கும்போதே உடைந்துபோயிற்று. நான்கு நாதஸ்வரத் தட்டுகள் மட்டும் மிஞ்சின. சில மாதங்களில் அப்பா போய்விட்டார் என்று செய்தி வந்தது. ஊருக்குப் போக வழியில்லை. அழுகையும் வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்த நீங்கள்தான் என் கையைப் பிடித்து, தட்டுகளோடு எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே ஒரு பாட்டுப்பெட்டி இருந்தது. ஊசி பட்டதும் தட்டு கீச்சிட்டது. நீங்கள் பாய்ந்து ஊசியைத் தூக்குவதற்குள் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரர் கிள்ளானில் ஒரு கடையில் விசாரித்து வந்தார். என் தட்டுகள் வேறு ரகமாம். அவற்றுக்கு இரும்பூசி ஆகாது, உருண்டை முனையுள்ள நீலக்கல் வேண்டும். அதற்கென்று பெட்டியே தனி. நம் வீட்டு வரிசையில் பெட்டி வைத்திருந்த எல்லாரிடமும் இரும்பூசிப் பெட்டிதான்.

அவர் அப்போது உங்களுக்கென்று ஒரு பெட்டி வாங்குவதாக இருந்தார். நீங்கள் இருவரும் பேசியது பலகைச் சுவர் வழியே எனக்குக் கேட்டது.

"கல்லுப் பெட்டியா? யாருகிட்டயும் தட்டு மாத்திக்க முடியாது. உனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணுகூட அதுல வராதே!"

"வராட்டி போகட்டும். அந்தப் பொண்ணு அவங்க அப்பாவுக்காக இன்னும் அழவே இல்ல. வாங்கிட்டு வாங்க."

பெட்டி வந்தது. கீறல் விழாத ஒரு தட்டை நீங்களே எடுத்து வைத்தீர்கள். நாதஸ்வரம் கிளம்பியதும் உங்கள் மடியில் விழுந்து அழுதேன். தட்டு முடிந்ததும் சாவி கொடுத்து மறுபடியும் வைத்தீர்கள்.

பிறகு அந்த ரகத் தட்டுகள் கடைக்கு வருவதே நின்றுபோனது. வரிசை முழுக்கப் புதுப்பாட்டு கேட்க, உங்கள் வீட்டில் மட்டும் என் அப்பாவின் மூன்று தட்டுகள். ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுச் சன்னலடியில் குடத்தோடு நின்றிருந்தீர்கள். உள்ளே உங்களுக்குப் பிடித்த பாட்டு.

"என்னக்கா, இங்க நிக்கிறீங்க?"

"சும்மா, காத்து வாங்குறேன். நீ போ."

உங்கள் உதடு பாட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

ஊசிப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "இது நல்லாத்தானே பாடுது" என்பீர்கள்.

என் இரண்டு பிரசவத்தையும் நீங்கள்தான் பார்த்தீர்கள், உங்கள் வீட்டிலேயே. நீங்கள் கண்மூடிய பிறகு அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். "அம்மா, உங்க பொறந்த வீடு எங்க இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்டால் நான் கடல் கடந்த ஊரைச் சொல்வதில்லை, அக்கா. அடுத்த வீட்டு வாசலைக் காட்டுகிறேன்.