‘ந’ எழுத்தில் ஒரு வசவு

மாப்ளே,

இன்றைக்குக் காலையில் மிதித்த வெடிக் குப்பை இன்னும் என் செருப்படியில் ஒட்டியிருக்கிறது. கந்தக வாடை சட்டையை விட்டுப் போகவில்லை. நான் ஓட்டுகிற கம்பெனி வேனை ஓரமாக நிறுத்தி ஒரு துணுக்கைப் பிய்த்துப் பார்த்தேன். ஏதோ பள்ளிக்கூடப் புத்தகத்தின் தாள், பாதி கருகியிருந்தது. வெடித்த காகிதத்தைக் கண்டால் குனிந்து எடுத்து, என்ன அச்சாகியிருக்கிறது என்று படிக்கிற பழக்கம் உன்னிடமிருந்து தொற்றியது. நீ போய்ச் சேர்ந்து வருசம் ஒன்றாகப் போகிறது. இந்தச் சனியன் பிடித்த பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சரவெடி போட்டது, நம் முதலாளி சாத்தூர் ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் கல்யாண மண்டபத்தின் வாசலில். உள்ளே நுழைந்ததும் வலதுபக்கச் சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் பொன்னெழுத்தில் உன் கவிதை. அடியில் உன் பெயர், ‘நமது தொழிலாளி’ என்ற பட்டத்தோடு. இன்றைய மாப்பிள்ளையும் பொண்ணும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அது வாழ்த்து இல்லை, வசவு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. சம்பளம் வாங்குகிற வாய் அல்லவா, தானாக மூடிக்கொண்டது.

அந்த அகராதி கிடைத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து நம் பட்டாசுக் கம்பெனியில் குழாய் ஷெட்டில் இருந்தாய். வெடிக்குக் குழாய் சுற்ற லோடு லோடாகப் பழைய பேப்பர் வரும். அதில் அட்டையில்லாத ஒரு தமிழ் அகராதி வந்திருந்தது. நீ பார்ப்பதற்குள் முன்பகுதியும் பின்பகுதியும் குழாயாகிவிட்டன. மிஞ்சியது ‘ந’ எழுத்து மட்டும். அதைத் துண்டில் சுருட்டி எடுத்து வந்து என் வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாய்.

“ஏலே, மத்த எழுத்தெல்லாம் தீவாளிக்கு வெடிச்சிரும். நமக்கு ‘ந’ போதும்லே. நாம, நம்ம, நமக்கு, எல்லாம் ‘ந’லதான இருக்கு.”

அன்றிலிருந்து உன் கவிதைக்கெல்லாம் ‘ந’தான். மூன்று வரி, நான்கு வரி. எல்லாம் காசுக்காரனைக் குத்துகிற வரி. போகும்போதும் வரும்போதும் வேனில் எனக்குச் சொல்லுவாய். பின்னால் இருக்கிற பெண்கள், ‘ஆரம்பிச்சிட்டாருடி புலவரு’ என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். ‘நகர்’ என்றால் பழைய தமிழில் பெரிய மாளிகையாம். ‘நூழை’ என்றால் சின்னத் துவாரமாம். அதை வைத்து நீ கட்டியது இன்னும் எனக்கு மனப்பாடம்:

நெடுநகர் அவர்க்கு, நூழை நமக்கு.
நுழையும்போதெல்லாம் குனிகிறோம்.
நல்ல மரியாதை என்கிறார் அவர்.

ஜில்லாத் தலைநகரையும் நீ விடவில்லை. ‘விருதும் அவர்க்கே, நகரும் அவர்க்கே, நமக்கு நிற்கப் பஸ் நிறுத்தம்’ என்று விருதுநகர்ப் பேருந்து நிலையத்தில் வைத்தே சொன்னாய். பக்கத்தில் நின்றவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

எனக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு எரிச்சல் வரும். உன்னிடம் சண்டையே போட்டிருக்கிறேன். “யாருக்குலே எழுதுத? அவுகளுக்கும் புரியாது, நம்ம சனத்துக்கும் புரியாது. புரியாத வார்த்தையில வசவு வஞ்சு என்னத்தக் கண்ட?”

“புரிஞ்சா நாளைக்கு வேல இருக்காது மாப்ளே” என்றாய், ஏதோ மழை வரும் என்று சொல்வதுபோல.

வயிற்றெரிச்சலைக் கொட்டக்கூட ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேட வேண்டியிருக்கிறதென்றால் இது என்ன பிழைப்பு? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு நீ மருந்து ரூமுக்கு மாறினாய், கூலி கொஞ்சம் கூட என்பதால். வெடிமருந்தைக் குழாயில் நிரப்புகிற வேலை. சாயங்காலம் வண்டி ஏறும்போது புருவமெல்லாம் அலுமினியப் பொடி மின்னும். மூக்கில் கட்டிக்கொள்ள உன் சொந்தத் துண்டுதான். அந்த நாட்களில்தான் ‘நிரப்பு’ என்ற சொல்லை உன் தாள்களில் கண்டுபிடித்தாய். நமக்கு நிரப்பு என்றால் நிறைய வைப்பது. பழைய தமிழில் நிரப்பு என்றால் வறுமை. கேட்டிலிருந்து வேன் வரைக்கும் ஓடி வந்தாய். “நாள் முழுக்க நிரப்புதோம்லே, வீட்டுக்குப் போனா நிரப்பு!” என்று சொல்லிச் சிரித்தாய், இருமினாய், மறுபடியும் சிரித்தாய்.

முதலாளிக்கு அறுபது முடிந்து மணிவிழா வந்தபோது மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “நீ கவிதையெல்லாம் எழுதுவியாம்ல. முதலாளிக்கு ஒண்ணு எழுதிக் குடு, பிரேம் போட்டுருவோம்.” நீ ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவாய் என்று நினைத்தேன். மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

நந்துக நின்குலம்! நந்துக நின்நகர்!
நம்பினோர் மனைதொறும்
நல்கினை நிரப்பே!

கேட்கிறவர் காதில் எப்படி விழும்? உன் குலம் தழைக்கட்டும், உன் ஊர் தழைக்கட்டும், உன்னை நம்பியவர்கள் வீடுதோறும் நிறைவைக் கொடுத்தாய். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பெயரும் ‘ந’வில் தொடங்குவதால்தான் வரிக்கு வரி ‘ந’ வைத்திருப்பதாக மேனேஜர் மேடையில் விளக்கம் வேறு கொடுத்தார். மற்ற எழுத்தெல்லாம் வெடித்துப்போன கதை அவருக்கு எப்படித் தெரியும்? நீ பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு ஒன்றும் அறியாத பிள்ளையாக நின்றாய்.

வேனில் ஏறிய பிறகுதான் என் காதோரம் சொன்னாய். நந்துதல் என்றால் தழைப்பதும் உண்டு, அழிந்துபோவதும் உண்டாம். உன் குலம் அழிக, உன் மாளிகை அழிக, நம்பினவன் வீட்டுக்கெல்லாம் வறுமையைக் கொடுத்தாயே! “பிள்ளகுட்டிய எதுக்குலே இழுக்க? பாவம்லா” என்றேன்.

“ரெண்டு அர்த்தமும் அதுல இருக்கு மாப்ளே. எது பலிக்கணும்னு அவுகளே முடிவு பண்ணிக்கிடட்டும்.”

அடுத்த மழைக்காலத்துக்குள் நீ படுத்துவிட்டாய். வெடியில் செத்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும், பெரிய மனிதர்கள் மாலையோடு வந்திருப்பார்கள். நீ மூச்சுக்குத் தவித்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தாய். உன் மனைவி பேச்சி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு தலைமுடியையும் கொடுத்துவிட்டு வந்தாள். நெஞ்சு முழுக்கத் தூசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். துக்கம் கேட்க வந்த முதலாளி பந்தலில் உட்கார்ந்து, “பீடி ரொம்பக் குடிப்பானோ?” என்று கேட்டார். லே, நீ பீடியைக் கையால் தொட்டதில்லை. தினமும் கேட்டில் மடியைத் தடவி, பீடி இருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா என்று சோதனை போட்டு உள்ளே விடுகிற கம்பெனி அது. அதன் முதலாளி கேட்கிறார், பீடி குடிப்பானோ என்று! அவருக்கு டீ கொடுத்தது நான்தான். அதை அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டாமல் கையில் கொடுத்தேனே என்று இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம்.

மண்டபத் திறப்பு விழாவுக்குக் கம்பெனி ஆட்களை என் வேனில்தான் கூட்டிப் போனேன். பேச்சியும் வந்தாள். அவள் இப்போது நம் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். உன் மணிவிழாக் கவிதையைக் கல்லில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சுப்புலட்சுமி வாயைத் திறந்தாள். அவள் புருசன் உன்னோடு மருந்து ரூமில் இருந்தவன், இப்போது இருமிக்கொண்டு வீட்டில் கிடக்கிறான்.

“ஏம் மதினி, அண்ணன் செத்த பெறவும் முதலாளிக்குக் கும்பிடு போட்டுக்கிட்டுல்ல நிக்காரு. எங்க வீட்டாளு இருமிச் சாகுது. இவரு என்னடான்னா வீடு வீடா அள்ளிக் குடுத்தாகன்னு பாட்டு எழுதியிருக்காரு. ஜால்ரா போட்டதுக்கு நல்ல கூலிதான், கல்லுல பேரு!”

யாரும் அவளைத் தடுக்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால் நாளைக்கே மேனேஜர் காதுக்குப் போகும், பேச்சிக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் நீ அந்தக் கல் இருக்கிற வரைக்கும் ஜால்ராதான். கண்ணாடியில் பேச்சியைப் பார்த்தேன். அவளுக்கு அந்தச் சொற்களின் அர்த்தம் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

“அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க” என்றாள்.

நிறுத்தினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“நல்லாக் கேட்டுக்கிடுங்க. வெளிய சொல்றவுக சொல்லிக்கிடுங்க, எனக்குப் பயமில்ல. நந்துகன்னா நாசமாப் போகன்னு அர்த்தம். நிரப்புன்னா தரித்திரம். நம்ம வீட்டுக்கெல்லாம் முதலாளி குடுத்தது தரித்திரந்தான்னு எழுதி, அவரு கையாலயே பொன்னாட வாங்குன மனுசன்டி எங்க வீட்டுக்காரரு. படுக்கையில கெடக்கும்போது ஒவ்வொரு வார்த்தையா எனக்குச் சொன்னாரு.”

சுப்புலட்சுமி, “அடி ஆத்தி!” என்று வாயில் கைவைத்தாள். “அம்புட்டுப் பேரு முன்னாடியா? அந்த மேடையிலயா?” என்று சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் அழுதுவிட்டாள். “முன்னாடியே சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்த படிச்சிருப்பேன்ல மதினி.”

இதுவரை ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை. ஆனால் உன் சொல் வேனுக்குள் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. ‘தூக்குவாளியில என்னடி?’ என்று ஒருத்தி கேட்டால், ‘நிரப்புத்தான்’ என்று இன்னொருத்தி சொல்கிறாள். நீ இருந்தபோது இது நடந்திருக்கக் கூடாதா? அந்தத் தாள்களை என்னிடம் மட்டும் படித்துக் காட்டாமல் பின்சீட்டுப் பக்கம் திரும்பி ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா? இந்தக் கோபம் உன்மேல் எனக்கு இன்னும் தீரவில்லை.

சீசன் ஆர்டர் பார்க்க முதலாளி கம்பெனிக்கு வந்த அன்று பேச்சி நேரே அவர் முன்னால் போய் நின்றாள். “முதலாளி, மருந்து ரூம் ஆளுகளுக்கு நல்ல மாஸ்க்கா வாங்கிக் குடுங்க. எங்க வீட்டுக்காரரு துண்டக் கட்டிக்கிட்டே செத்துப்போனாரு.”

“இப்பத்தானம்மா மண்டபம் கட்டி முடிச்சிருக்கு. ஏசிக்கே கையக் கடிச்சிருச்சு. அடுத்த சீசனுக்குப் பாப்போம்.”

பேச்சி கைகூப்பினாள். “நந்துக நின்குலம், முதலாளி.”

பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கைகூப்பினார்கள். “நந்துக நின்நகர்.”

மேனேஜர் கைதட்டினார். முதலாளி பூரித்துப்போய், “நல்லாருங்கம்மா, எல்லாரும் நல்லாருங்க” என்றார். நான் வேன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாஸ்க் வரவில்லை. சுப்புலட்சுமி புருசனும் இப்போது உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறான். வருகிற திங்கட்கிழமை சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறோம். நான்தான் வண்டி ஓட்டுகிறேன், மனுவை எழுதியதும் நான்தான். உன் சொல் ஒன்றுகூட அதில் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. தூசி, இருமல், மூச்சு, சாவு, மாஸ்க். எல்லாம் எல்லோருக்கும் புரிகிற சொல். முதல் கையெழுத்து பேச்சி போட்டிருக்கிறாள். வேலை போனால் போகட்டும் என்கிறார்கள். ஒளிந்து வைததெல்லாம் போதும் மாப்ளே.

உன் ‘ந’ தாள்கள் என் சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. என்றைக்காவது விவரம் தெரிந்த ஒருவர் அந்தக் கல்லைப் படித்துவிட்டுச் சிரிப்பார். முதலாளி அரண்டுபோய் அர்த்தம் தேடுவார். அன்றைக்கு அவர் என்னிடம் வந்து கேட்க வேண்டும், எனக்கு அந்த ஓர் ஆசைதான் மிச்சம். கைகட்டாமல், குனியாமல், முகத்துக்கு நேராகச் சொல்லுவேன்: “அதுல ரெண்டு அர்த்தம் இருந்துச்சு முதலாளி. மாஸ்க் இல்லன்ன அன்னைக்கு நீங்களாத்தான் வசவ எடுத்துக்கிட்டீக.”