கடையில் இருந்திருக்க வேண்டிய மணி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்,
கடை மேசையிலிருந்து

அன்பு மகள் அன்னிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை பெட்ரா மூன்று பேரும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றி இப்போதைக்குக் கேட்காதே. நீ அந்த அலாஸ்கா குளிரில் மீன் ஆலைக்கும் அறைக்கும் நடக்கும்போது காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன், உன் காதைப் பற்றியும் சேர்த்துக் கவலைப்பட இந்த வாரம் எனக்குத் தெம்பில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிப்பாய், நான் கத்துவேன், அப்பா போனைப் பிடுங்கி அங்கே எத்தனை அடி பனி என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படி, கடைசியில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

முதலில் உன்மேல் இருக்கிற கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஆட்டத்தைக் கணினியில் பார்த்தாய், சரி. ஆட்டம் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பெட்ராவுக்கு "பரவால்லடி செல்லம், பயம் யாருக்குத்தான் வராது"ன்னு செய்தி அனுப்ப உன்னை யார் கேட்டார்கள்? ஊர்ப் பத்திரிகைக்காரன் "கடைசி நொடியில் பயந்து பின்வாங்கினாள்" என்று எழுதியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள், அவனுக்குக் கூடைப்பந்தும் தெரியாது பூசணிக்காயும் தெரியாது. ஆனால் நீ அதே கல்லூரிக்கு நாலு வருஷம் ஆடியவள், வாசலில் வளையம் மாட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். "அக்காவே சொல்லிட்டாம்மா, நான் பயந்துட்டேன்னு" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீ நல்லதாக நினைத்துத்தான் அனுப்பினாய், தெரியும். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், அந்தக் காமிரா ஒரே மூலையிலிருந்து பார்க்கிறது, அதில் நான் தெரிந்திருக்க மாட்டேன். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு விடைகொடுக்கிற ஆட்டம் என்பதால் வெள்ளிக்கிழமை, அதுவும் ஊரே மீன் பொரியலுக்கு வரிசையில் நிற்கிற நாளில், கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஜெயித்தால் அடுத்த வாரம் போட்டித் தொடருக்குப் போகலாம், தோற்றால் பெட்ராவுக்கு அதுதான் வாழ்க்கையின் கடைசி ஆட்டம், இது உனக்கே தெரியும். ஒவ்வொரு பெண்ணும் அவளவள் அம்மாவுக்கு ஒரு பூ கொடுத்தாள், பெட்ரா எனக்குக் கொடுத்த மஞ்சள் பூவில் பாதி இதழ் கொட்டிப்போயிருந்தது, காரின் சூட்டுக் காற்றுக்கு முன்னால் வைத்திருக்கிறாள், மடச்சி. பூ வாங்கிய அம்மாக்களை எல்லாம் மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று வளையத்துக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்த மரியாதைதான் வினையாகப் போனது.

நம் கடையின் பரிசு உனக்குத் தெரியும். இரண்டாம் பாதியில் வெளியூர்க்காரி ஒருத்தி, யாரும் மறிக்காமல் எறிகிற ஃப்ரீ த்ரோவை அடுத்தடுத்து இரண்டு தடவை தவறவிட்டால், வந்திருக்கிற எல்லோருக்கும் மறுநாள் நம் கடையில் பொரித்த சீஸ் இலவசம். நான் கண்டுபிடித்த ஏற்பாடுதான், நாலு வருஷமாக என்னைத் தவிர யாருக்கும் பெருமை கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்காகத்தான் கடையின் பித்தளை மணியை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கைப்பையில் தூக்கிப்போவது. வழக்கமாக நான் மேலே வெண்டலுக்குப் பக்கத்தில் உட்காருவேன், அவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார், அதற்குள் பந்து எப்படியும் எதிர்ப்பக்கம் போயிருக்கும், அதன் பிறகுதான் நான் அடிப்பேன். வெள்ளிக்கிழமை நான் கீழே, வெண்டல் மேலே, எங்கள் இருவருக்கும் நடுவில் முந்நூறு பேர்.

ஏழு நொடி இருக்கிறது, நாம் அறுபத்தொன்று, ரைஸ்டன்காரிகள் அறுபது. அவர்களில் ஒரு நெட்டைப் பெண் ஃப்ரீ த்ரோ போட வந்தாள். முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. உடனே நம் ஜனங்கள் எழுந்து நின்று "சீஸ்! சீஸ்!" என்று காலால் தரையை உதைக்கிறார்கள். டோலோரஸ் ஷிம்மெல், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்திப்பாட்டு பாடுகிற பெண்மணி, என் காதுக்குள்ளேயே "தவற விடுடி, தவற விடுடி, எனக்குப் பசிக்குது!" என்று கத்துகிறாள். ஆட்டத்தை ஜெயிக்க வந்தார்களா சாப்பிட வந்தார்களா என்றே தெரியவில்லை. இரண்டாவதும் பட்டுத் தெறித்தது. நான் பூவை மடியில் போட்டுவிட்டு மணியை எடுத்து அடித்தேன், பலமாக, மூன்று தடவை. பந்து இன்னும் அந்தரத்தில் இருந்தது. பெட்ரா எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில், எதிராளியை முதுகால் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் இருந்தாள். அவள் ஓரடி பின்னால் வைத்து இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினாள். அந்த இடைவெளியில் ரைஸ்டன்காரி ஒருத்தி புகுந்து பந்தைப் பிடித்து அப்படியே வளையத்தில் போட்டாள். அறுபத்திரண்டு. மிச்சமிருந்த மூன்று நொடியில் நம் பிள்ளைகள் எறிந்தது பலகையில்கூடப் படவில்லை.

ஒரே ஒரு புள்ளி, அன்னிகா. அதற்கப்புறம் நடந்ததைக் கேள், வயிறு எரியும். பெண்கள் நடுவில் உட்கார்ந்து அழுகிறார்கள், டோலோரஸ் என் கையைப் பிடித்து "நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் தொறப்பே மார்லிஸ், டிக்கெட்டுல கிழிச்ச பாதி போதுமா முழுசும் வேணுமா?" என்கிறாள். அப்பா வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கி "நல்ல ஆட்டம்" என்றார், சனிக்கிழமை விடிந்ததும் ஏரிமேல் இருக்கிற தன் மீன் குடிசைக்குப் போய்விட்டார், பனிக்கட்டியில் ஓட்டை போட்டு உட்கார்ந்திருந்தாராம். நேற்று மூன்று மீன் கொண்டுவந்தார், இந்த வீட்டில் ஏதோ மீனுக்குப் பஞ்சம் வந்த மாதிரி.

பெட்ரா அழக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறையில் காலணிகூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "எனக்கே புரியலம்மா, காலு தானா பின்னால போச்சு. நாலு வருஷத்துல ஒரு தடவை போனதில்ல. கடைசித் தடவை பாத்து பயந்துட்டேன்" என்றாள். இரண்டாம் வருஷம் அதே மாதிரி ஒரு பந்துக்கு நின்று மூக்கை உடைத்துக்கொண்டவள், ரத்தத்தோடு வந்து "பந்து நம்மகிட்டதானே?" என்று கேட்டவள், அவள் பேசுகிற பேச்சா இது? நான் ஏதேதோ சொன்னேன், சாப்பிடு என்றேன், தூங்கு என்றேன். பயிற்சியாளர் ராத்கே அம்மாவும் அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையாம், தோளில் தட்டி "விடு" என்றாராம். எல்லோரும் மன்னித்துவிட்டார்கள், அவளுக்குத்தான் தன்னை மன்னிக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை கடைக்கு அவள் வரவேண்டாம் என்றேன், வந்தாள். வரிசை தபால் நிலையம் வரைக்கும் நின்றது, தோற்ற ஊர் மாதிரியா இருந்தது, திருவிழா மாதிரி இருந்தது. ரைஸ்டன்காரர்கள்கூட இரண்டு கார் நிறைய வந்தார்கள், டிக்கெட் வைத்திருக்கிறார்களே, எப்படி இல்லை என்பது? பெட்ரா தலையைக் குனிந்துகொண்டு தட்டு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் கூடை வெந்தது, நான் வழக்கம்போல மணியை அடித்துவிட்டு எண்ணெயிலிருந்து கூடையைத் தூக்கினேன். பெட்ரா ஓரடி பின்னால் வைத்தாள். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினாள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை, யாரோடோ பேசிக்கொண்டே செய்தாள். எனக்குக் கூடை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் வலது முழங்கையில் இருக்கிற தழும்புக்குப் பிறகு நான் போட்ட சட்டம்தானே அது. மணி அடித்தால் கையிலே என்ன இருந்தாலும் ஓரடி பின்னால், கை மேலே, கொதிக்கிற கூடை போகும்வரை அசையக் கூடாது. உனக்குப் பதினாலு வயது, அவளுக்கு ஏழு. ஒரு கோடைக்காலம் முழுக்க வெறும் கூடையைத் தூக்கித் தூக்கி, மணி அடித்து அடித்து, உங்கள் இருவரையும் பழக்கினேன், தூக்கத்தில் அடித்தாலும் செய்வீர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்த மணியைத்தான் வெள்ளிக்கிழமை என் கையாலேயே அடித்து ஆட்டத்தைத் தோற்கடித்தேன். அவள் பயப்படவில்லை அன்னிகா. நான் சொன்னதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். யாரும் நம்பவில்லை! டோலோரஸ் வாயில் சீஸோடு "பாவம், பெத்த மனசு" என்றாள். வெண்டல், எழுபது வயது மனிதர், "நீங்க அவளைக் காப்பாத்தணும்னு நெனைக்கிறீங்க, எங்களுக்குப் புரியுது" என்று என் கையைத் தடவிக்கொடுக்கிறார். ராத்கே அம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னேன், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மாதிரிச் சத்தம் போடுகிற சாமான் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது என்றார். நாலு வருஷமாக அந்தக் கதவு வழியாகத்தான் போகிறேன், ஒருத்தர் தடுக்கவில்லை, கைதட்டினார்கள். உண்மையைச் சொல்கிறவளை இந்த ஊர் படுத்துகிற பாடு எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

இவர்களை விடு. பெட்ராவே நம்பவில்லை. "கொதிக்கிற எண்ணெய் பக்கத்துல மணி அடிச்சா யாரா இருந்தாலும் ஒதுங்குவாங்கம்மா. அங்க எண்ணெய் எங்க இருந்துது? நான் என்ன, மணி அடிச்சா வாலாட்டுற நாய்க்குட்டியா? சமாதானம் சொல்லாதேம்மா, ப்ளீஸ்" என்று தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கேயே அடித்துக் காட்டுகிறேன் என்று இன்று காலை அவள் பல் துலக்கும்போது பின்னால் போய் அடித்தேன், நான் வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேண்டுமென்றே கல் மாதிரி நின்றாள், வாயில் நுரையோடு "பாத்தியா?" என்கிறாள். உன் பிடிவாதம் அப்படியே. இன்று தேவாலயத்துக்கும் வரவில்லை. அவளுடைய ஆட்டக் காலணி இரண்டும் பின்கட்டில் குப்பைத்தொட்டிக்கு மேலே கிடந்தன, நான் எடுத்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் இந்தக் கடிதத்தோடு உனக்கு இந்தப் பெட்டி. மேலே இருக்கிற உறையில் இரண்டு பவுண்டு சீஸ், உன் அறைத்தோழிக்கும் கொடு, எல்லாவற்றையும் நீயே தின்றுவிடாதே. அதற்குக் கீழே கம்பளிக் காலுறைக்குள் சுற்றி மணியை வைத்திருக்கிறேன். இனி கடையில் நான் வாயால்தான் கத்தப் போகிறேன், தொண்டை போனால் போகட்டும். நீ கடையை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது, அங்கே எண்ணெய்ச் சட்டியும் கிடையாது, நானும் கிடையாது. உன் தோழியிடம் மணியைக் கொடு, நீ எதிர்பார்க்காத நேரத்தில், வேறு யோசனையில் இருக்கும்போது அடிக்கச் சொல். உன் கால் என்ன செய்கிறது, உன் கை எங்கே போகிறது என்று பார். அப்புறம் பெட்ராவைக் கூப்பிட்டு அதைச் சொல். நான் சொன்னால் பெத்த மனசு, நீ சொன்னால் நம்புவாள், நீ அவளைக் குத்தியவள் ஆயிற்றே.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள், நல்ல காலணி வாங்கிக்கொள், ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொன்னதை மறந்துவிடாதே, அப்பா வாய் திறந்து கேட்க மாட்டார், ஆனால் நாள்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். நீயும் உன் தங்கையும் எந்த ஊரில் இருந்தாலும் கையும் காலும் மனசும் முழுசாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம், கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். மணி விஷயத்தைத் தள்ளிப்போடாதே, பெட்டி வந்த அன்றே செய். ஒருவேளை உன் கால் அசையவே இல்லை என்றால் எனக்கு மட்டும் எழுது. அவளிடம் அசைந்தது என்றே சொல்.

உன் அம்மா,
மார்லிஸ்