ஆல்டோ வெளியே நிற்கிறது

அன்புள்ள அத்தைக்கு மரகதம் எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அகல்யா படித்துக் காட்டட்டும்.

நான் பெருக்கித் துடைக்கிற அம்பத்தூர் பாட்டுப் பள்ளியில் பெரியவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பாடுவார்கள். ஜஸ்டின் சார் எதிரே நின்று கையை ஆட்டிப் பாட வைப்பார். போன வாரம் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆல்டோ எங்கே? குறையுதே" என்றார். பாவம், மனுஷர் காரைத் தேடுகிறார் என்று நினைத்து, "வெளியே கேட்டுக்கிட்ட நிக்குது சார்" என்றேன். ஒரே சிரிப்பு. பாட வந்த ஜமீலா, "இன்னாக்கா, நீயே ஓட்டியாந்து உட்ருவ போலகீது" என்றாள்.

பெண்களில் கனத்த குரல்காரர்களுக்கு ஆல்டோ என்று பேராம். சார் மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப பேசினீங்களே, அந்தக் குரல்தாம்மா ஆல்டோ. வந்து நில்லுங்க" என்றார். மாடு மிரளும் என்பீர்களே, அதே குரல்தான் அத்தை. உங்கள் பிள்ளை போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அடுத்த மாசம் பள்ளி விழாவில் பாடச் சொல்கிறார்கள். அவருக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. உங்களுக்கு மனசில்லை என்றால் வேண்டாம், துடைப்பம் இருக்கவே இருக்கிறது. சரி என்றால், பீரோவில் உள்ள பச்சைப் புடவையை என் தம்பி ஆனந்தனிடம் கொடுத்தனுப்புங்கள். எல்லோரும் பச்சை கட்ட வேண்டுமாம்.

தண்ணீர் லாரி வந்துவிட்டது, குடத்தோடு ஓடுகிறேன். புடவைமேல் அவர் சட்டை இருக்கும். மடிப்பு அவர் மடித்தது, கலைத்துவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்
மரகதம்