வெள்ளிக்கிழமை பிரியாணியும் ஒன்பது ஓட்டும்

மாசி 24, திங்கள்

காலையிலேயே புழுக்கம். நான் சொல்ல மருமகள் ராணி எழுதுகிறாள். எழுத்தறியாதவனுக்கு வேறு வழி? யாருக்கும் காட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கியாயிற்று.

பஞ்சாயத்துத் தேர்தலில் தோல்வி. ஒன்பது ஓட்டு வித்தியாசம். நின்றவன் கன்னியப்பன், எங்கள் கட்சி. மூன்று நாளாகச் சவரம் இல்லை. எதிர்த்தரப்பு கள்ள ஓட்டு போட்டதாக மனு எழுதிவிட்டான்.

"நைனா, பூத்துல நம்ம ஏஜெண்டா குந்திகினு இருந்தது நீதான். ஒரு மூஞ்சியும் மறக்கமாட்டே. நீ கைநாட்டு வெச்சா எவனும் மறுக்க முடியாது."

புதனன்று தாம்பரம் வக்கீலிடம் போகவேண்டுமாம். கள்ள ஓட்டு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஒன்பது ஓட்டு எங்கே போயிற்று?

மாசி 25, செவ்வாய்

படப்பை பஸ்ஸுக்கு நின்றேன். டீக்கடையில் சவரிமுத்து. ரயில்வே கிளார்க், பூத்தில் எதிர்க்கட்சி ஏஜெண்ட். இருபது வருஷச் சண்டை.

"என்ன பெரியவரே, கள்ள ஓட்டைத் தேடறீங்களாமே? இந்த கிளாஸ்ல இருக்கா பாருங்க."

"எப்டி ஜெயிச்சே, அத்தச் சொல்லு."

"நாங்க எங்க ஜெயிச்சோம்? நீங்க தோத்தீங்க. குளத்தங்கரைல உங்களுக்குத்தான் நல்லா விழுந்துது. கெடுத்தது மாதா கோயில் தெரு. தபசு காலம், கறி தொடமாட்டோம். ஓட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிச்சு வெளிய வந்தா, வாசல்ல உங்க கட்சி மட்டன் பிரியாணி! கேலி பண்றாங்கன்னு தெருவே கொதிச்சுது. எங்க ஆளுங்ககிட்டயும் இதையேதான் சொன்னேன். திட்டறாங்க."

வெள்ளி என்று நாள் சொன்னது நான். அன்றைக்கு அம்மன் நாள், நம்மவர்கள் கறி தொடமாட்டார்கள், நடுவில் யாரும் கை வைக்காமல் முழு அண்டாவும் அந்தத் தெருவுக்கே போய்ச் சேரும் என்று கணக்கு.

மத்தியானம் படுத்தபடி வீடு வீடாக மனசில் ஓட்டிப் பார்த்தேன்.

அந்தோணி வீடு, நாலு ஓட்டு. பூத்தில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.
லூர்தம்மா. கும்பிட்டேன், முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.
தச்சர் சூசை வீட்டில் மூன்று பேர். வரவே இல்லை.

மற்ற வீடுகளையும் கூட்டினால் ஒன்பதைத் தாண்டுகிறது. சவரிமுத்து சொன்னதில் ஒன்றுதான் தப்பு. தெருவே என்றார், கடைசி வீட்டு மிக்கேல் நமக்குத்தான் போட்டான், வெளியே வந்து கண்ணடித்தான்.

என்ன மண்டை அந்த மனுஷனுக்கு! ஜெயித்தவன் மாலையோடு திரிவான். இவர் தன் வெற்றியையே பிரித்துப் போட்டு ஓட்டை எங்கே என்று காட்டுகிறார். நம் பக்கம் இப்படி ஒருத்தர் உண்டா? கட்சி மாறமாட்டேன். அது வேறு.

மாசி 26, புதன்

நல்ல வெயில். கன்னியப்பன் மனுவோடும் மை டப்பாவோடும் வந்தான். சவரிமுத்து சொன்னதைச் சொன்னேன்.

"எதிரி பேச்சை நம்பிகினு கீறியா நைனா?"

"வூடு வூடா பாத்துட்டேன். சரியாத்தான் கீது."

"வெள்ளிக்கெழமன்னு சொன்ன கஸ்மாலம் எவன்?"

அவன் மறந்துவிட்டான். அப்படியே விட்டிருக்கலாம்.

"நான்தான்" என்றேன்.

நின்று பார்த்தான். மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தான். போய்விட்டான்.

குடை எடுத்தாயிற்று. மன்னிப்புக் கேட்க முதலில் லூர்தம்மா வீடு. என்ன சொல்லி ஆரம்பிப்பது, தெரியவில்லை.